தராசு தாங்காத ஆள்

என் தங்கை மகனைக் கிளினிக் தராசு ஏற்றுக்கொள்ளவில்லை. ஏறி நின்றான். எண்கள் ஓடின, திணறின, கடைசியில் நாலு கோடு போட்டு நின்றுவிட்டன. மிஸ்ஸி இறங்கி ஏறச் சொன்னார். சுவரைப் பிடிக்காமல் ஏறச் சொன்னார். செருப்புத்தான் பத்து கிலோ என்பதுபோல அதைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னார். மறுபடியும் நாலு கோடு.

"இது நூத்தி அம்பது கிலோ வரைக்கும்தான் காட்டும் தம்பி. வெளிய எங்கயாச்சும் நிறுத்து எழுதி வாங்கிட்டு வாங்க. எடை இல்லாம பாரத்துல எழுத முடியாது."

எங்கள் ஊர் புக்கிட் ரோத்தானில் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுப்பது? மளிகைக் கடைத் தராசு வெங்காயத்துக்கு. நகைக்கடைத் தராசு தாலிக்கு. மிச்சம் இரண்டே இடம்: பழைய இரும்புக் கடை, செம்பனைக் குலை வாங்கும் இடம். இரும்பைவிடப் பழம் கொஞ்சம் மரியாதை என்று நான்தான் முடிவு செய்தேன்.

மேடைத் தராசில் கிடந்த குலைகளை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தான் ஒரு வங்காளதேசத்துப் பையன். சிரிக்கவில்லை. நாள் முழுக்கப் பாரம் பார்க்கிறவன் எதற்குச் சிரிக்கிறான்! 163 என்று சீட்டில் எழுதினான். பழக்கத்தில் தேதியும் போட்டு, ஒரு கையெழுத்தும் கிறுக்கிக் கொடுத்தான். அன்றைய விலை டன்னுக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதியிருந்தது. குலைக்குத்தான்.

என் தங்கை மகனுக்கு வயது 34. இனிப்பு நீர் இருக்கிறது, ரத்தக் கொதிப்பு இருக்கிறது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. கிளினிக்கில் இருந்த சின்ன வயது டாக்டரம்மா அவனை ஒரு வார்த்தை திட்டாமல், இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை ஒன்று இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்றார். அந்தப் பாரத்தில் எழுதத்தான் இந்த 163.

சேதி பரவிய அன்றே ஊரில் பாதிப் பேர் டாக்டர் ஆகிவிட்டார்கள். தாமான் தலைவர் ஒருவர், "வாயைக் கட்டுனா வயித்தை ஏன் வெட்டணும்?" என்று எதுகை மோனையோடு கேட்டார். அவர் அதைக் கேட்டது ஒட்டுக்கடையில், மூன்றாவது ரொட்டி சானாயைப் பருப்புக் குழம்பில் முக்கியபடி. இன்னொருவர் வாட்ஸாப்பில் கொள்ளுக் கஞ்சி அனுப்பினார். ஒரு பெரியம்மா வேப்பிலை. கல்யாண புரோக்கர் ஒருவர் மட்டும், "வெட்டுனப்புறம் எத்தனை கிலோ இருப்பான்? போட்டோ எடுத்து வச்சிருங்க" என்றார். தொழில் நேர்மை உள்ள ஒரே ஆள்.

வாயைக் கட்டச் சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். இரைப்பையின் மேல்பகுதியில் கிரெலின் என்ற ஹார்மோன் ஏராளமாகச் சுரக்கிறது. மூளையிடம் போய்ப் பசி, பசி என்று கதவைத் தட்டுகிற ஹார்மோன் அது. பட்டினி கிடந்து இளைக்கிறவன் உடம்பில் இது குறைவதில்லை, கூடுகிறது. இழந்த எடையை மீட்கிறவரை உடம்பு ஓயாது. இன்றைக்கு அதிகம் செய்யப்படும் அறுவை சிகிச்சையில் இரைப்பையில் முக்கால் பங்குக்குமேல், ஏறக்குறைய 80 விழுக்காடு, தையல் போட்டு வெட்டி வெளியே எடுக்கப்படுகிறது. மிஞ்சுவது வாழைப்பழம் அளவுக்கு ஒரு குழாய். கொள்ளளவோடு சேர்ந்து அந்தக் கதவு தட்டுகிற ஆளும் பெரும்பாலும் வெளியேறிவிடுகிறான். 1960-களில் அமெரிக்காவின் ஐயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர், புண்ணுக்காக இரைப்பையில் பாதியை இழந்த நோயாளிகள் அதன்பிறகு பருக்கவே சிரமப்படுவதைக் கவனித்தார். அங்கிருந்து தொடங்கிய சிகிச்சை இது. சுவீடனில் பல ஆயிரம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்து 2007-ல் முடிவு வெளியிட்டார்கள். அறுவை செய்துகொண்டவர்களிடையே சாவு குறைந்திருந்தது. சோம்பேறிக்குக் குறுக்கு வழி என்று ரொட்டி சானாய் அறிஞர்கள் சொல்வது இதைத்தான். அறுவைக்குப் பிறகு ஆயுள் முழுக்க விட்டமின் மாத்திரை, வாய்வாயாகத் தண்ணீர், மென்று மென்று அரைமணி நேரத்தில் நாலு கவளம். சோம்பேறியால் முடிகிற காரியமா அது?

எடை என்றால் எங்கள் வம்சத்துக்குப் புதிதில்லை. எங்களை நிறுத்துப் பார்க்க எப்போதும் யாராவது ஒருவர் கிடைத்திருக்கிறார். 1877-ல் தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்துக்கு அனுப்பிவைக்கப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஒருவனுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாக் காசும் போதும் என்றார். ஒரு ராத்தல் என்றால் 450 கிராம், கல் உடைத்து மண் சுமக்கிறவனுக்கு. உயிர் போகாது என்பது அவர் கணக்கு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், போகும் என்று சண்டை போட்டார். போனது, லட்சக் கணக்கில். போகாமல் மிஞ்சிய வயிறுகளின் பிள்ளைகளும் பேரன்களும்தான் கங்காணி பின்னால் கப்பலேறிக் கித்தா தோட்டங்களுக்கு வந்து இறங்கினார்கள்.

பஞ்சம் கண்ட உடம்பு கிடைத்ததை எல்லாம் சேர்த்துவைத்துக்கொள்ளும் என்கிறார்கள் ஒரு சாரார். முழுக்க நிரூபணமாகவில்லை. ஆனால் புனேயில் யாஜ்னிக் என்ற மருத்துவர் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. நம் குழந்தை எடையில் குறைவு, தசையில் குறைவு, கொழுப்பில் மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. தொட்டிலிலேயே சேமிப்புக் கணக்குத் திறந்துவிட்ட குழந்தை.

தோட்டத்துக்கு வந்த பிறகு தராசு கிராணி கைக்கு மாறியது. என் அம்மா பன்னிரண்டு வயதில் பால்மரம் வெட்டப் போனவள். இருட்டில் எழுந்து பெரட்டுக்கு நின்று, மரம் மரமாக நடந்து வெட்டி, மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளி இரண்டையும் காண்டாவில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தால், கிராணி குச்சியை விட்டுப் பார்த்து, "தண்ணி" என்று கழிப்பார். மழைநாளில் கூடுதலாகக் கழிப்பார். மழை பெய்ததும் அவள் குற்றம்தான். அவளுக்கு முந்தின தலைமுறை 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில், கள்ளுக்கடையை மூடு என்பது ஒன்று, துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம் என்பது ஒன்று. சுட்டார்கள், ஆட்கள் செத்தார்கள். அப்புறம் ஜப்பான்காரன் காலம், மரவள்ளிக் கிழங்கு. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் வந்தாலும் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "சாப்ட்டியா?" பதில் எதுவாக இருந்தாலும் தட்டு வரும்.

பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது. நடந்து வெட்டிய ஆட்கள் தேவைப்படவில்லை. குலை வெட்டக் கடல்கடந்து வேறு ஏழைகள் வந்தார்கள். தோட்டங்கள் துண்டாகித் தாமான்கள் ஆயின. லயத்தைவிட்டு இறங்கிய நாங்கள் மலிவு வீட்டுக்கு வந்தோம், மலிவு வீட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஈஜோக்குக்கும் புஞ்சாக் ஆலத்துக்கும் மேருவுக்கும் போனோம். என் தங்கை மகனுக்குக் கிடைத்தது ஜாகா வேலை. பன்னிரண்டு மணி நேரம் ஒரு கொட்டகையில் உட்கார்ந்து லாரி எண் எழுத வேண்டும். எழுந்து நடந்தால், ஏன் இடத்தில் இல்லை என்று மெமோ. பாட்டி நடந்தே தேய்ந்தாள், பேரன் உட்கார்ந்தே பெருத்தான். சம்பளச் சீட்டில் இரண்டும் உழைப்பு என்றுதான் எழுதியிருக்கிறது. இரவு முறை என்றால் தூக்கத்தை விரட்ட மூன்று தே ஐஸ், இரண்டு மைலோ பாக்கெட், விடிந்ததும் நாசி லெமாக். ஏழு ரிங்கிட்டுக்குள் வயிறு நிறைய வேண்டும் என்றால் சோறும் சீனியும் எண்ணெயும்தான் நிறைக்கும். கீரைக்கும் மீனுக்கும் அந்தத் திறமை கிடையாது.

சீனி என்றதும் எங்கள் தொகுதிப் பெருமை ஞாபகம் வருகிறது. நாங்கள் கோல சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதி. எங்கள் எம்.பி. சுல்கிப்ளி அஹ்மாட் நஞ்சியல் படித்த டாக்டர், நாட்டின் சுகாதார அமைச்சர். 2022 தேர்தலில் நிதியமைச்சராக இருந்தவரையே 1,002 ஓட்டில் தோற்கடித்து வந்தவர். அவர் முதல்முறை அமைச்சராக இருந்தபோதுதான், 2019 ஜூலையில், இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி வந்தது. மறுபடி அமைச்சராகி 2024-ல் சீனிக்கு எதிராகப் போரே அறிவித்தார். 2025 ஜனவரி முதல் வரி 90 காசு. நல்ல காரியம், கைதட்டினேன். தட்டிய கை இறங்குவதற்குள் இன்னொரு கணக்குக் கண்ணில் பட்டது. சாதாரணச் சீனி கிலோ 2 ரிங்கிட் 85 காசைவிட்டு ஏறிவிடக் கூடாது என்று, 2023 நவம்பரிலிருந்து நாட்டின் இரண்டு சீனி ஆலைக் கம்பெனிகளுக்கு அதே அரசாங்கம் கிலோவுக்கு ஒரு ரிங்கிட் ஊக்கத்தொகை கொடுத்திருக்கிறது. இரண்டில் ஒன்றான எம்.எஸ்.எம். கம்பெனிக்குத் தாய்க் கம்பெனி எஃப்.ஜி.வி. அதற்குப் பின்னால் நிற்பது ஃபெல்டா. ஃபெல்டா அரசாங்கத்துடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எதிரிக்குத் தீனி போட்டு வளர்த்துக்கொண்டே அவன்மேல் போர் தொடுத்த படையை வரலாற்றில் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. டப்பாவில் அடைத்த இனிப்புக்கு வரி. ஒட்டுக்கடைத் தே தாரிக்கில் கரைவதற்கு மானியம். போர்க்களமே ஒரு குவளைக்குள் அடங்கிவிட்டது.

மைலோவுக்கும் ஒரு கதை இருக்கிறது. 2017 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. மலேசியப் பள்ளிப் பிள்ளைகளின் காலை உணவைப் பற்றி ஓர் ஆராய்ச்சி. மால்ட் பானம் குடிக்கிற பிள்ளைகள் ஓடியாடுவது அதிகம், உட்கார்ந்திருப்பது குறைவு என்று அதில் சாதகமான முடிவு. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர், மைலோ தயாரிக்கிற நெஸ்லே. அந்தப் பச்சை டப்பாக்காரர் கட்டுரையை அச்சுக்கு முன்னால் பார்த்தும் கொடுத்தார். ஜாகா கொட்டகையில் என் மருமகன் ஐந்து வருடமாக மைலோ குடிக்கிறான். ஓடியாடும் அறிகுறி இன்னும் தெரியவில்லை. பொறுத்திருக்கிறோம்.

அரசாங்கத்தை மட்டும் ஏசிவிட்டு நாம் நல்லவர்களாகத் தப்பித்துக்கொள்ளலாமா? 2019-ல் அரசாங்கமே எடுத்த ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் பாதிப் பேர், 50.1 விழுக்காடு, அளவுக்கு மேல் எடை. 2023-ல் அது 54.4. இனிப்பு நீரில் இந்தியர்கள்தான் முதலிடம். 2019 கணக்கில் நம்மில் 31.4 விழுக்காடு. பொருளாதாரத்தில் நமக்குக் கிடைக்காத பங்கு இதில் கேட்காமலே கிடைத்துவிட்டது. நம் தலைவர்கள் என்ன செய்தார்கள்? ரத்தச் சுத்திகரிப்பு மையம் ஒன்றின் திறப்பு விழாவுக்கு நான் போயிருக்கிறேன். மாலை, ரிப்பன், மூன்றடுக்கு கேக். கேக்கில் கிரீமால் சிறுநீரகப் படம். வந்தவர்களுக்குப் பிரியாணி, சிவப்புச் சிராப் தண்ணி, போகும்போது கையில் ஒரு லட்டு. நோயாளிகள் ஊசி குத்திய கையோடு படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேர்தல் வந்தால் இதைவிட விசேஷம். 2007-ல் ஈஜோக் இடைத்தேர்தலில் பத்து வருடம் கேட்டுக் கிடைக்காத தார்ச் சாலை ராவோடு ராவாக வந்தது. தாளிதம் மணக்க மணக்கப் பந்தி நடந்தது. வயிற்றை நிரப்பிவிடுவதில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமே கிடையாது. வயிறு கெட்ட பிறகு சேவை மையத்தில் போய்க் கேளுங்கள், பாரம் தருவார்கள்.

சரி, அறுவைக்கு வருவோம். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் விசாரித்தோம். சோபா மெத்தென்று இருந்தது. என் மருமகனுக்குக் கைப்பிடி இல்லாத சோபாவாகப் பார்த்துப் போட்டிருந்தார்கள். இந்த மரியாதையை அவன் பஸ்ஸிலும் கண்டதில்லை, கோவில் பந்தியிலும் கண்டதில்லை. சுவரெல்லாம் முன்னே பின்னே படங்கள். முன்னே இருக்கிறவர் அழுக்குச் சட்டையோடு, பின்னே இருக்கிறவர் கடற்கரையில். வெட்டினால் வயிறு மட்டுமல்ல, விலாசமும் மாறும் போலிருக்கிறது. சொன்ன விலை முப்பதாயிரம் ரிங்கிட். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700. ஒரு காசு செலவழிக்காமல் பதினெட்டு மாதம் சேர்த்தால் கட்டிவிடலாம். பதினெட்டு மாதம் சாப்பிடாமல் இருந்தால் அறுவையே தேவைப்படாதே என்று மருமகன் சொன்னான். அந்தக் கௌண்டர் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அடக்கிக்கொண்டாள்.

இன்சூரன்ஸ்காரரைக் கேட்டோம். பாலிசியைப் புரட்டி, உடல் பருமனுக்கான சிகிச்சை விலக்கு என்று சின்ன எழுத்தைக் காட்டினார். இரண்டு சிறுநீரகமும் போனால்? அதற்குப் பாதுகாப்பு உண்டாம், சொக்சோவிலும் ஒழுங்காகச் சந்தா கட்டியவர்களுக்குச் சுத்திகரிப்பு உதவி உண்டாம். கால் அழுகி எடுத்துவிட்டால் செயற்கைக் கால்கூடக் கிடைக்குமாம். ஆக, ஏற்பாடு எல்லாம் கச்சிதம். கட்டடம் எரிந்து சாம்பலான பிறகு வந்து நிற்கிற தீயணைப்பு வண்டி, வண்ணம் மட்டும் புதுசு. அரைகுறையாக இருக்கிற உறுப்புகளை நாமாக முழுசாகக் கெடுத்துக்கொண்டு வரவேண்டும், அவ்வளவுதான்.

சென்னைக்குப் போனால் பாதி விலை என்றார் ஒருவர். பல்லுக்கும் கண்ணுக்கும் நம் ஆட்கள் போய் வருகிற ஊர்தானே. 2024 ஏப்ரலில் புதுச்சேரியிலிருந்து அதே சென்னைக்குப் போன 26 வயது இளைஞர் இந்த அறுவைக்கு மேசையில் ஏறினார். 150 கிலோவுக்கு மேல் எடை. உயிரோடு இறங்கவில்லை. அரசு விசாரணை வைத்தது, ஆஸ்பத்திரியின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. செய்தியைப் படித்ததும் எங்கள் ரொட்டி சானாய் அறிஞர், "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவர் அப்படி எதையும் சொல்லியிருக்கவில்லை. நல்ல கைகளில், நல்ல தீவிர சிகிச்சை வசதியோடு செய்தால் ஆபத்துக் குறைவான அறுவைதான் இது. அந்த நல்ல கைகளைக் காசு இல்லாதவன் எட்டவிடாமல் வைத்துவிட்டு, மலிவுக்கு ஓடுகிறவன் செத்தால் அவன் பெருந்தீனியைக் குறை சொல்வது இருக்கிறதே, அதற்கு நான் எழுத நினைத்த வார்த்தையை இந்தப் பத்திரிகை அச்சேற்றாது.

மிஞ்சியது அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரி. ஐந்து ரிங்கிட்டில் நிபுணரைப் பார்க்கலாம் என்பதை நான் ஏளனம் செய்ய மாட்டேன். இந்த நாட்டில் ஏழைக்கு மிஞ்சியிருக்கும் கௌரவம் அதுதான். ஆனால் அந்த ஐந்து ரிங்கிட்டுக்குப் பின்னால் எத்தனை அறுவை மருத்துவர்கள், எத்தனை மேசைகள், வாரத்தில் எத்தனை நாள்? நாட்டில் பாதிப் பேர் அளவுக்கு மேல் எடை என்று அறிக்கை போடுகிற அரசாங்கம், மேசையை மட்டும் எண்ணிப் போடுகிறது. முதல் சந்திப்புக்குத் தேதி கொடுத்தார்கள், அடுத்த வருடம் நோன்புப் பெருநாள் கழித்து. அதற்குள் பத்து கிலோவாவது குறைத்துக்கொண்டு வரவேண்டுமாம், கல்லீரல் சுருங்கினால்தான் கத்தி வைக்க வசதி என்று. மருத்துவ ரீதியில் அது சரியான பேச்சுத்தான். நீச்சல் தெரியாதவனிடம் பாதி ஆற்றை நீந்தி வா, மீதிக்குப் படகு அனுப்புகிறோம் என்பதுபோல என் காதில் விழுந்தது. என் காது அப்படி.

அன்று வீடு திரும்பியபோது அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். எண்பத்தைந்து வயது, முப்பத்தெட்டு கிலோ. பேரன் சட்டைப் பையைக் காலி செய்து மேசையில் வைத்தான். சாவி, அட்டை, ஆஸ்பத்திரித் தேதி, நடுவில் அந்தப் பழக்கடைச் சீட்டு. அம்மா சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். எழுத்துத் தெரியாது, எண் தெரியும். ஸ்டோரில் கற்றது.

"யாரு நிறுத்தது?"

"பழம் எடுக்கிற எடத்துல ஆயா."

கீழே கிறுக்கியிருந்த கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"கிராணி எவ்வளவு கழிச்சான்?" என்றாள்.